நீர்வண்ணமும் விலையும்

சித்திரப் பாடத்தில் மனஞ்செலுத்தும் மாணவனைப் பெற்றோர் கடிந்துரைப்பதை ஆசிரியராகிய நாம் பன்முறை கண்டுள்ளோம். ஓவியம் பிழைப்புக்கு உதவாதென்னும் அவர்தம் அச்சம் முற்றும் பொய்யன்று. எனினும், தீர்ப்புக் கூறுமுன் ஒருவரது வரலாற்றை நோக்குவோமாக.

ஜோசப் மலட் வில்லியம் ரேணர் 1775 ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே ஒரு நாவிதரின் மைந்தராகப் பிறந்தார். தந்தையார் மகனைக் கடிந்தாரல்லர். சிறுவன் வரைந்த சித்திரங்களைத் தமது கடையிலே தொங்கவிட்டு, ஒன்று முதல் மூன்று சிலிங் வரை விலைகூறி விற்றார். 1789 இல் றோயல் அக்கடமிப் பள்ளியிற் சேர்ந்த ரேணர், அடுத்த ஆண்டிலேயே நீர்வண்ண ஓவியமொன்றை அதன் காட்சியில் வைத்தார். பின்னர் மாலைவேளைகளில் வைத்தியர் மன்றோவின் இல்லத்திலிருந்து பிறர் ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். கூலி, சில சிலிங்கும் இராப்போசனமும்.

நீர்வண்ணம் எளிதென எண்ணுவார் உளர். எண்ணெய்வண்ணத்தில் வெள்ளையைப் பூசிப் பிழையை மறைக்கலாம். நீர்வண்ணத்திலோ தாளின் வெண்மையே ஒளியாதலின், ஒளி வேண்டுமிடத்தை முதலிலேயே விட்டுவைத்தல் வேண்டும். அன்றேல், பூசியதைத் துடைத்தும் சுரண்டியும் வெண்மையை மீட்டல் வேண்டும். 1818 இல் யோர்க்சயரிலுள்ள பாண்லி மாளிகையில் ரேணர் விருந்தினராயிருந்தபோது, போர்க்கப்பலொன்றின் பருமன் விளங்குமாறு ஒரு சித்திரம் தரும்படி நண்பர் வால்டர் போக்ஸ் வேண்டினார். காலையுணவுக்கும் மதியவுணவுக்கும் இடையில் அது முடிந்தது. அருகிருந்து கண்ட நண்பரின் மகன் கூறியதன்படி, தாள் ஊறும்வரை வண்ணத்தை ஊற்றி, கிழித்தும் கீறியும் தேய்த்தும் வெறிகொண்டார்போல அவர் இயங்க, கப்பல் சிறிது சிறிதாகத் தோன்றிற்று. இதனைப் படித்தவுடன் வண்ணத்தை ஊற்றத் தொடங்கும் மாணவர், அதற்குமுன் கழிந்த ஏறக்குறைய முப்பதாண்டுப் பயிற்சியையும் நினைவிற்கொள்க.

விற்பனையில் அவரும் சறுக்கினார். 1825 இல் தொடங்கிய 'இங்கிலாந்தும் வேல்சும்' என்னும் அச்சுப்படத் தொடர் 120 படங்களாகத் திட்டமிடப்பட்டு, வாங்குவோர் போதாமையால் 1838 இல் 96 உடன் நின்றது. எஞ்சிய படிகளையும் செப்புத்தகடுகளையும் ரேணரே 3,000 பவுண் கொடுத்து வாங்கிக்கொண்டார். அவை மலிவாகச் சந்தையிற் பரவுவதை அவர் பொறுக்கவில்லை.

1842 இல் சுவிற்சலாந்துக் காட்சிகளை விற்கப் புதியதொரு வழியை நாடினார். முற்றுப்பெற்ற ஓவியங்கள் நான்கையும், மாதிரிகள் பதினைந்தையும் தோமஸ் கிறிபித் என்னும் முகவரிடம் ஒப்படைத்தார். பத்து ஓவியங்கள், ஒன்றின் விலை 80 கினி. இருபத்தொரு சிலிங் கொண்டது ஒரு கினி. பழைய ஆதரவாளருட் சிலர் இப்புதுப் பாணியை விரும்பவில்லை. ஒன்பதுக்கே ஆள் கிடைத்தது. பத்தாவது முகவரின் தரகுக் கூலியாயிற்று.

அவற்றுள் ஒன்றாகிய 'நீல ரிகி' லூசேர்ண் ஏரியின் அப்பால் விடியலில் நிற்கும் மலையைக் காட்டுவது. 2006 இல் அது ஏலத்திற் 58 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று. அதனை நாட்டைவிட்டுச் செல்லவிடாது காக்க, 2007 இல் டேற் கலைக்கூடம் பொதுமக்களிடம் கையேந்தியது. படத்தின் ஒரு சிறு தீற்றலுக்கு ஐந்து பவுண் வீதம் சாதாரண மக்கள் பணஞ் செலுத்தி அதனை மீட்க உதவினர்.