பத்தாவது ஆள், இருபதாவது ஆள்

எங்கள் விடுதி நெம்மேலியில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மண்பாதையில் கடைசி வாசல். அப்பா நடத்தியபோது ஆறு அறை, ஒரு சமையற்கட்டு, எட்டு ஆட்கள். நான் பொறுப்பெடுத்த பிறகு அறைகள் பதினான்காயின, சாப்பாட்டுக் கூடம் வந்தது. 2016 முடிவதற்குள் ஆட்கள் இருபத்தொரு பேர்.

அந்த இருபத்தொன்றை நான் அன்று எண்ணவில்லை. சம்பளப் பட்டியலில் இருந்தது பதினாறு பெயர்தான். தோட்டக்காரர், ராக்காவல் பார்த்தவர், சனி ஞாயிறு அறை சுத்தம் செய்ய வந்த மூன்று பெண்கள் ஆகியோருக்கு வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூலி கொடுத்தேன். “தினக்கூலி ஆளுங்க கணக்குல வர மாட்டாங்க மேடம்” என்று கணக்கு எழுதித் தந்தவர் சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

2018இல் வருங்கால வைப்புநிதி, அதாவது பி.எஃப். நோட்டீஸ் வந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி சம்பளப் பட்டியலைப் பார்த்தார். பிறகு வவுச்சர் கட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக எண்ணினார். நிரந்தரமா, தினக்கூலியா, ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆளா என்று வருங்கால வைப்புநிதிச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. இருபது பேர் வேலை செய்தால் நிறுவனம் அதற்குள் வந்துவிடும். அதன் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. பதினான்கு மாத நிலுவை என்று கணக்கிட்டார்கள். வேலை கொடுப்பவர் பங்கு 12 சதவீதம், வேலை செய்பவர் பங்கு 12 சதவீதம், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். அந்தந்த மாதம் பிடிக்காமல் விட்ட தொழிலாளியின் பங்கைப் பிற்பாடு அவர் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. இரண்டு பங்கையும் நானே கட்டினேன். வட்டிக்கு முன்பே ஆறு லட்சத்தைத் தொட்டது. அம்மாவின் நகையில் பாதி வங்கிக்குப் போனது.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் தேதி காலையில் நான் செய்கிற முதல் வேலை ஆட்களை எண்ணுவது. காவலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் ஆட்களும், விடுமுறை நாளுக்கு மட்டும் வருகிறவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. அலுவலக அலமாரிக் கதவின் உள்பக்கம் மூன்று எண்கள் எழுதி ஒட்டியிருக்கிறேன். பத்து என்றால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, பணிக்கொடை, பெண்களுக்கான உள்ளகப் புகார்க் குழு. இருபது என்றால் பி.எஃப்., போனஸ். ஐம்பது என்றால் குழந்தைகள் காப்பகம். புதிதாக ஒருவரை எடுக்கும்போது அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

இன்னொரு பாடத்துக்கு எங்களிடம் வேலைக்கு வந்த பையன் ஒருவனின் கை விலையானது. 2022இல் சமையற்கட்டில் உதவிக்கு ஓர் இளைஞனைச் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை சேர்ந்தான். திங்கட்கிழமை ஈ.எஸ்.ஐ. பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிறு மத்தியானம் வடைச் சட்டி சரிந்து முழங்கை வரை எண்ணெய் கொட்டிவிட்டது. விபத்துக்குப் பிறகு செய்யும் பதிவை அலுவலகம் சந்தேகத்தோடுதான் பார்க்கும், அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. தனியார் மருத்துவமனைச் செலவும், அவன் வேலைக்கு வராத ஏழு வாரச் சம்பளமும் நான் கொடுத்தேன். பணம் போனதைவிட, கட்டுப்போட்ட கையோடு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டதுதான் இன்றும் உறுத்துகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். சம்பளத்தில் 0.75 சதவீதம் அவன் பங்கு, 3.25 சதவீதம் என் பங்கு. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற எவருக்கும் இவ்வளவுதான் செலவு. இப்போது ஈ.எஸ்.ஐ. எண் கைக்கு வராமல் ஒருவரும் எங்கள் அடுப்புப் பக்கம் போவதில்லை.

பி.எஃப். எண் எடுப்பதும் முன்போல் இல்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் புதியவர்களுக்கு உமாங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் எண் உருவாக்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு ஆதாரில் இருந்த பெயரும் வங்கிப் புத்தகத்தில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஓடியது. ஆகவே ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் மூன்றையும் வேலைக்குப் பேசுகிற அன்றே சரிபாருங்கள்.

சட்டம் மாறுகிறது என்ற செய்தியை எப்படிப் படிப்பது? இதில் நான் இரண்டு பக்கமும் தவறு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பக்கத்து ஊரில் விடுதி நடத்தும் நண்பர் மறுநாளே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் போட்டுப் பட்டியல் ஒட்டிவிட்டார். மூன்று நாளில் அரசு அதை நிறுத்திவைத்தது, மே 1 அன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். அந்தத் திருத்தம் தொழிற்சாலைகள் சட்டத்துக்கானது. எங்களைப் போன்ற உணவகங்களுக்குத் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம், 1958 என்று தனிச் சட்டமே இருக்கிறது. நண்பர் படித்தது தலைப்பை மட்டும். அவருடைய ஆட்களில் நான்கு பேர் அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.

நான் செய்த தவறு எதிர்ப்பக்கம். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2019இலும் 2020இலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு கூட்டத்திலும் “வருது, வருது” என்று கேட்டுச் சலித்து, இது வராது என்று முடிவுகட்டிவிட்டேன். 2025 நவம்பர் 21 அன்று நான்கும் நடைமுறைக்கு வந்தன. அன்று மாலை என் கையில் எந்தத் தயாரிப்பும் இல்லை.

அதில் எங்களை உடனே தொட்டது ஊதியத்தின் வரையறை. எங்கள் தலைமைச் சமையல்காரருக்கு 30,000 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000, மீதி 17,000 வீட்டு வாடகை, பயணம் என்று படிகளாகப் பிரிந்திருந்தது. புதிய சட்டப்படி விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். பாதி 15,000. கூடுதலாக நின்ற 2,000 ஊதியத்துக்குள் போனது, ஊதியம் 15,000 ஆனது. பணிக்கொடையும் இனி அந்தத் தொகையின் மேல்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிற சிறப்புப் படி பி.எஃப். கணக்குக்குள் வரும் என்று 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதே சம்பளத்தை முழுக்கத் திருத்தியிருந்தால் இந்த அவசரமே வந்திருக்காது.

புதிய சட்டங்களின்படி வேலை நியமனக் கடிதம் எல்லோருக்கும் தர வேண்டும். குறித்த காலத்துக்கு எடுத்தவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கு முடிக்க வேண்டும். இவற்றை ஒரே வாரத்தில் செய்து முடித்தோம். கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியில் ஒரு படியும் கொடுத்தேன். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது எங்களிடமிருந்த இரண்டு பேர் இரவோடு இரவாக ரயிலேறிவிட்டார்கள். அவர்கள் வீட்டு எண்கூட அன்று என்னிடம் இல்லை. இப்போது எல்லோர் வீட்டு விவரமும் பதிவேட்டில் இருக்கிறது.

பெண்கள் பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் இருந்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவி பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். எங்களிடம் அந்தக் குழு சில ஆண்டுகள் சுவரில் ஒட்டிய தாளாகவே இருந்தது. ஒருநாள் அறை சுத்தம் செய்யப் போன பெண் பாதியில் இறங்கி வந்து அழுதாள். தவறாக நடந்தவர் தங்க வந்த விருந்தினர். விருந்தினர் என் ஊழியர் இல்லையே என்று நான் தயங்கியபோது, குழுவின் வெளி உறுப்பினராக இருந்த அம்மாதான் சட்டத்தை எடுத்துக் காட்டினார். வேலையிடத்துக்கு வந்துபோகும் எவரிடமிருந்தும் பாதுகாப்புக் கொடுப்பது முதலாளியின் கடமை. அந்த விருந்தினரை அன்றே வெளியேற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அதற்குப் பின் அறைக்கு இருவராகத்தான் போக வேண்டும், கதவு திறந்தே இருக்க வேண்டும். விடுதி நடத்துகிற யாரும் இதற்கு இன்னொரு பெண் அழும் வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றவை எல்லாம் நாட்காட்டி வேலை. மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டு சலானும் கட்ட வேண்டும். ஏப்ரல் 1 அன்று பஞ்சப்படி மாறும், குறைந்தபட்ச ஊதியமும் அதோடு ஏறும். ஜனவரி 31க்குள் தொழிலாளர் நல நிதி. தேசிய விடுமுறை நான்கு, பண்டிகை விடுமுறை ஐந்து, ஆக ஒன்பது நாள். பக்கத்திலுள்ள மாமல்லபுரத்தில் கூட்டம் நெரிவது அந்த நாட்களில்தான், எங்களால் மூட முடியாது. அன்று வேலை பார்ப்பவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. ஆலோசகர் இருந்தாலும் சலானைக் கண்ணால் பார்த்த பிறகே அவருக்குப் பணம் கொடுங்கள்.

என்னைச் சிறு வயதிலிருந்து பார்த்த அக்கா ஒருவர் குப்பத்திலிருந்து வேலைக்கு வருகிறார். “பாப்பா, மாசாமாசம் புடிக்கிறியே, அது எங்க போவுது?” என்று கேட்டார். அவர் கைபேசியிலேயே பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் மகன் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை கட்டிய ஆண்டுகளில் எங்களை விட்டு ஒப்பந்த வேலைக்கு அங்கே போனவன். “அங்க பி.எஃப். உண்டு” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். போன ஆண்டு எங்களிடமே திரும்பி வந்தான், பழைய எண்ணோடு.

என்னைப் போல வவுச்சரில் ஆள் வைத்திருந்தவர்களுக்கு 2025இல் ஒரு வழி திறந்தது. 2017 ஜூலை 1 முதல் 2025 அக்டோபர் 31 வரை வேலைக்குச் சேர்த்துப் பி.எஃப்.இல் விட்டுப்போனவர்களை 2026 ஏப்ரல் 30 வரை ஊழியர் சேர்க்கை இயக்கத்தில் சேர்க்கலாம் என்று அறிவித்தார்கள். அவர்கள் பங்கை முதலாளி பிடிக்காமல் இருந்திருந்தால் அதைக் கட்டத் தேவையிருக்கவில்லை. தம் பங்கையும் வட்டியையும் நிர்வாகக் கட்டணத்தையும் கட்டினால் அபராதம் நூறு ரூபாய்தான் என்று இருந்தது. 2018இல் எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. உங்களிடமும் வவுச்சர் கட்டு இருந்தால், இன்றைக்கே எடுத்துப் பெயர்களை எண்ணுங்கள்.