லாரி ரேடியேட்டரில் ஒரு வெப்பவியல் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ‘வெப்பம்’ பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். தன் வெப்ப ஏற்புத்திறனைச் சொல்லும்போது, வண்டிகளின் ரேடியேட்டரில் நீர் பயன்படுவதை எடுத்துக்காட்டாகக் கூறிவிட்டு அடுத்த பத்திக்குச் செல்வது என் வழக்கம். சென்ற ஆண்டு அப்படிச் செல்ல முடியவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய தந்தை தாம்பரம்–வேளச்சேரி சாலையில் தண்ணீர் லாரி ஓட்டுபவர்.

“மிஸ், எங்க அப்பா லாரியில தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டாங்க. நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையில்லைன்னு மெக்கானிக் சொன்னாராம். சரியா மிஸ்?”

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லவில்லை. “தடுப்பை எடுத்துவிட்டால் நீர் தாராளமாக ஓடும், இன்ஜின் நன்றாகவே குளிரும்” என்று சொல்லிவிட்டேன். வகுப்பும் தலையாட்டியது.

மூன்று வாரம் கழித்து அந்த மாணவன் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்றேன். தந்தையின் வலது கையில் முழங்கை வரை கட்டு. மேடவாக்கம் மேம்பாலத்தில் முழுச் சுமையுடன் ஏறும்போது இன்ஜின் கொதித்திருக்கிறது. ஓரமாக நிறுத்திவிட்டு, ஈரத்துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார். அவர் ஓட்ட முடியாததால் மாற்று ஓட்டுநர் வந்திருக்கிறார். அவருக்கு கிளீனராகப் பையன் போய்க்கொண்டிருந்தான். “கை ஆறுற வரைக்கும்தான் டீச்சர்” என்றார் தந்தை. அப்படிச் சென்றவர்களில் திரும்பி வராதவர்களையும் நான் அறிவேன்.

அடுத்த சனிக்கிழமை, லாரி நின்றிருந்த பட்டறைக்கு மாணவனையும் அழைத்துக்கொண்டு சென்றேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் எனக்கு ஆசிரியரானார். அன்று கற்றதைப் பாடமாக வகுத்து இங்கே தருகிறேன்.

கசிவைக் கண்டுபிடித்தல்

“தரையில சொட்டலைன்னா கசிவு இல்லைன்னு நினைக்கக் கூடாது டீச்சரம்மா” என்று தொடங்கினார் அவர். சூடான இன்ஜின் மீது கசியும் நீர் கீழே விழும் முன்பே ஆவியாகிவிடும். மிஞ்சுவது துருநிறக் கோடு, அல்லது வெண்மையான உப்புப் படிவு. எனவே கசிவை இன்ஜின் ஆறிய பிறகே தேட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்: மேல், கீழ் ஹோஸ் பைப்புகளின் கிளாம்ப், ரேடியேட்டரின் குழாய்கள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, தெர்மோஸ்டாட் மூடியின் கேஸ்கட். பம்பின் துளையில் சொட்டினால் உள்ளே உள்ள சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ரேடியேட்டரின் வாயில் அளவுமானியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருந்த 0.9 பார் அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது. தெர்மோஸ்டாட் மூடியின் ஓரத்தில் ஈரம் கோத்தது. முன்பு வேறொரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய கசிவு ஏன் பெரிய சிக்கல்? இங்கேதான் நம் பாடம் வருகிறது. கசிவால் நீர் மட்டுமல்ல, அழுத்தமும் போகிறது. குக்கரில் நடப்பதுபோல, அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை கூடும். 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அழுத்தம் முழுவதும் வெளியேறினால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மூடியைத் திறந்தால் நடப்பதும் இதுவே. 110 டிகிரியில் கொதிக்காமல் இருக்கும் 1 கிலோ நீரை எடுத்துக்கொள்வோம். மூடி திறந்ததும் அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். வெளிப்படும் வெப்பம் 1 × 4200 × 10 = 42,000 ஜூல். 1 கிராம் நீர் ஆவியாக 2,260 ஜூல் தேவை. எனவே சுமார் 18 கிராம் நீர் நொடியில் ஆவியாகும். 1 கிராம் நீராவி ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆக, ஒரு லிட்டர் நீரிலிருந்து 30 லிட்டர் நீராவி! அது வெந்நீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். ஈரத்துணி எப்படித் தாங்கும்?

தெர்மோஸ்டாட் செய்யும் வேலை

இன்ஜினிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில் தெர்மோஸ்டாட் இருக்கும். அதன் சிறு பித்தளைக் கிண்ணத்துக்குள் மெழுகு. சூட்டில் மெழுகு உருகும்போது அதன் பருமன் 10 விழுக்காட்டுக்கும் மேல் கூடும். அது ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரமோ கணினியோ தேவையில்லை. இந்த மெழுகு முறையை 1930-களில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னே.

அந்த லாரிக்குரிய தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருந்தது. 82 டிகிரி வரை நீர், பைபாஸ் எனப்படும் குறுக்கு வழியில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அதன் பிறகு வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதே நேரத்தில் அதன் அடித்தட்டு பைபாஸை அடைக்கும்.

என் விடை தவறியது இந்த இடத்தில்தான். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குத் திரும்பும். 12,000 லிட்டர், அதாவது 12 டன் நீரைச் சுமந்து மேம்பாலம் ஏறும்போது குளிர்ச்சி போதாது. வெறும் லாரியாக விடியற்காலையில் ஓடும்போதோ இன்ஜின் உரிய சூட்டை எட்டாது. டீசல் சரியாக எரியாது. “காலையில புகை, மத்தியானம் கொதி, மைலேஜும் இல்லை” என்று தந்தை சொல்லிவந்த மூன்றுக்கும் காரணம் விளங்கியது.

‘நம்ம ஊரு வெயில்’ என்ற வாதமும் நிற்காது. 2003 மே மாதத்தில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த நாளிலும் இன்ஜினுக்கு வேண்டிய 82 டிகிரியை வெயில் தந்துவிடாது.

மாற்றிய முறை

ஆறிய இன்ஜினில் நீரை ஒரு வாளியில் வடித்தார். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, பழைய கேஸ்கட்டை முழுவதும் சுரண்டினார். மெழுகுக் கிண்ணம் இன்ஜின் பக்கமாகவும், காற்று வெளியேறும் சிறு துளை மேலாகவும் இருக்கும்படி புதிய தெர்மோஸ்டாட்டை வைத்தார். புதிய கேஸ்கட்டைப் போட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினார். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து மெதுவாக ஊற்றினார். மறுபடி அழுத்தம் ஏற்றியபோது முள் அசையவில்லை. பிறகு மூடியைப் போட்டு இன்ஜினை ஓட்டினார். மேல் ஹோஸ் சில நிமிடம் ஆறியே இருந்து, பின் திடீரெனச் சூடாவதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வால்வு திறந்த கணம் அது.

“எங்கள் ஊரில் பனி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு?” என்று கேட்டேன். அது கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது. கடினநீரான போர் தண்ணீரை ஊற்றினால், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போல ரேடியேட்டர் குழாயிலும் உப்புப் படியும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: நன்கு கழுவிய தெர்மோஸ்டாட், ஆய்வகப் பாத்திரம், 110 டிகிரி வரை காட்டும் வெப்பநிலைமானி, நூல், அடுப்பு. சமையல் பாத்திரம் வேண்டாம். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. வெந்நீரை ஆசிரியரே கையாள வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிடுங்கள். வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலையையும், ஆறும்போது மூடும் வெப்பநிலையையும் மாணவர்கள் குறிக்கட்டும். இரண்டும் ஒன்றாக இராது. ஏன் என்று அவர்களே பேசட்டும்.

மதிப்பீட்டு வினாக்கள்:

1. கசிவுள்ள ரேடியேட்டரில் நீர் இருந்தும் விரைவில் கொதிப்பது ஏன்?
2. வால்வு மூடியபடியே சிக்கினால் என்ன ஆகும்? திறந்தபடி சிக்கினால்?
3. கூலன்ட் கலவையின் தன் வெப்ப ஏற்புத்திறன் தூய நீரைவிடக் குறைவு. இருந்தும் அதைப் பயன்படுத்துவது ஏன்?
4. கொதித்த வண்டியை நிறுத்தியதும் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் எவை?

நான்காம் வினாவோடு முதலுதவியையும் சொல்லிக்கொடுங்கள். வெந்த இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பற்பசை, மை தடவக் கூடாது, பிறகு மருத்துவமனை.

இந்தச் செயல்பாட்டை எங்கள் வகுப்பில் செய்து காட்டியவன் அந்த மாணவன்தான். நூலைப் பிடித்தபடி, “81-ல திறக்குது மிஸ்” என்றான். தொடங்கும் முன், மூன்று வாரத்திற்கு முன் நான் சொன்ன விடை தவறு என்று வகுப்பில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. “அப்போ எங்க மாமா வண்டியிலயும் கழட்டித்தான் வச்சிருக்காங்க மிஸ்” என்று ஒரு மாணவி எழுந்தாள். அன்று மாலை அவள் மாமாவிடம் சொல்ல வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

தந்தையின் கை ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. லாரி மீண்டும் ஓடுகிறது. பையன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். தெரியாத கேள்வி வந்தால், “நாளைக்குக் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன்” என்று சொல்ல நானும் பழகிக்கொண்டேன்.