உரிமையும் கடமையும்: தலாக் விடப்பட்டவளின் ஜீவனாம்சம்

 

ஷரீஅத் பற்றி நம் நாட்டில் சர்ச்சை எழும்போதெல்லாம் "அரசியல் சட்டம் நமக்குத் தந்த உரிமை" என்ற பேச்சு மேடைகளிலும் வீடுகளிலும் அடிபடுகிறது. அந்த உரிமை எது, அதன் எல்லை எது, அதனை வைத்துக்கொண்டு நாம் செய்ய வேண்டியது என்ன என்று அறிந்து பேசுவோர் சிலரே. தலாக் விடப்பட்ட பெண்ணின் ஜீவனாம்சம் என்ற ஒரு மஸ்அலாவை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

அரசியல் சட்டம் சொல்வது

1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்திய அரசியல் சட்டத்தின் 25-வது ஷரத்து, மனச்சாட்சிப்படி ஒரு மதத்தை ஏற்கவும், அதன்படி ஒழுகவும், அதனை எடுத்துரைக்கவும் யாவருக்கும் உரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு அந்த உரிமை உட்பட்டது என்றும் அதே ஷரத்து கூறுகிறது. சமூக நலத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் அரசு சட்டம் இயற்றலாம் என்பதும் அதிலேயே உள்ளது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது 14-வது ஷரத்து. ஆண், பெண் என்று அரசு பேதம் பாராட்டக் கூடாது என்பது 15-வது ஷரத்து. பொது சிவில் சட்டத்துக்கு அரசு முயல வேண்டும் என்பது 44-வது ஷரத்து. இந்தக் கடைசி ஷரத்து வழிகாட்டும் நெறியாகும். நீதிமன்றத்தின் மூலம் அதனை நிறைவேற்றக் கோர முடியாது.

1948 நவம்பர் 23-ல் பொது சிவில் சட்ட ஷரத்து அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிபும், போக்கர் சாஹிபும், எச்சமூகத்தாரும் தம் தனிச் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற கருத்தில் திருத்தங்கள் கொண்டுவந்தனர். அவை ஏற்கப்படவில்லை. ஆயினும், விரும்பி ஏற்போருக்கு மட்டும் என்று வருங்காலப் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் தொடங்கலாம் என்று டாக்டர் அம்பேத்கர் தம் பதிலில் குறிப்பிட்டார்.

ஒரு வழக்கின் வரலாறு

இந்தூரைச் சேர்ந்த ஷா பானு பேகம் 1932-ல் மணமானவர். ஐந்து மக்களின் தாய். கணவர் வழக்கறிஞர். 43 ஆண்டு இல்லறத்துக்குப் பின் 1975-ல் அவர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1978 ஏப்ரலில் ஜீவனாம்சம் கேட்டு மனுச் செய்தார். அவ்வாண்டு நவம்பரில் கணவர் தலாக் விட்டார். 1979-ல் மாஜிஸ்திரேட் கோர்ட் விதித்த தொகை மாதம் 25 ரூபாய்! 1980-ல் உயர் நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. கணவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு எல்லா மதத்தாருக்கும் பொதுவானதே என்று 1985 ஏப்ரல் 23-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

நாடெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1986-ல் முஸ்லிம் பெண்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. நியாயமான ஏற்பாட்டையும் ஜீவனாம்சத்தையும் கணவன் இத்தா காலத்துக்குள் செய்து கொடுக்க வேண்டும் என்றும், அதன் பின்னும் வழியற்று நிற்பவளை வாரிசுதாரராகும் உறவினரும், அவர்களாலும் இயலாவிடில் வக்ஃப் போர்டும் தாங்க வேண்டும் என்றும் அது கூறியது. இத்தாவுக்குள் செய்யப்படும் அந்த ஏற்பாடு அவளது பிற்கால வாழ்வுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 2001 செப்டம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. 125-வது பிரிவின் வழியும் அவளுக்கு அடைபடவில்லை என்று 2024 ஜூலை 10-ல் தீர்ப்பளித்தது.

இவ்வளவு காலமும் நாம் ஷரத்துக்களைப் பற்றியே பேசினோம். அந்த மூதாட்டியின் அடுப்பு எரிய வழி என்ன என்ற கேள்வியோ பின்னுக்குப் போய்விட்டது.

ஷரீஅத் சொல்வது

தலாக் விடுபவன் மீது ஷரீஅத் சுமத்தும் கடமைகள் பல. மஹர் பாக்கியிருந்தால் தீர்க்க வேண்டும். கொடுத்தது பொற்குவியலே ஆனாலும் திரும்பப் பறிக்கலாகாது என்பது அந்நிஸா அத்தியாயத்தின் போதனை. இத்தா காலத்தில் தங்குமிடம் தர வேண்டும். உணவு, உடைச் செலவின் விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. பிள்ளைகளின் செலவு தந்தையையே சாரும்.

இவற்றோடு நம்மில் பலர் மறந்துவிட்ட ஒன்று 'முத்ஆ' என்னும் கொடையாகும். தலாக் விடப்பட்ட பெண்களுக்கு முறைப்படி பொருள் கொடுத்து அனுப்புவது இறையச்சமுடையோர் கடமை என்று அல்பகரா அத்தியாயத்தின் 241-வது வசனம் போதிக்கிறது. வசதியுள்ளவன் தன் வசதிக்கும், ஏழை தன் சக்திக்கும் ஏற்பக் கொடுக்க வேண்டும் என்பது 236-வது வசனத்தின் கருத்து. கூடி வாழ்ந்த மனைவிக்கு இதனைக் கொடுப்பது ஷாஃபிஈ மத்ஹபில் வாஜிப். ஹனஃபி மத்ஹபில் முஸ்தஹப்பு. தொகையில் இருவரும் ஒத்துப்போகாவிடில், இருவரின் நிலையையும் பார்த்துக் காஜி முடிவு செய்ய வேண்டும் என்று ஷாஃபிஈ இமாம்கள் கூறுவர்.

இங்கு ஒரு கேள்வி எழலாம். "இத்தா முடிந்ததும் இருவரும் அந்நியர் அல்லவா? பிறகு அவன் ஏன் மாதாமாதம் கொடுக்க வேண்டும்?" கேள்வி நியாயமானதே. இத்தாவுக்குப் பின் மாதச் செலவு கணவன் மீது கடமை என்று நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்லவில்லை. ஆனால் பிரியும் வேளையில் கை நிறையக் கொடுத்தனுப்புவதை எந்த இமாம் தடுத்தார்? 1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குச் சுப்ரீம் கோர்ட் சொன்ன விளக்கமும் பிரியும் வேளையிலேயே போதிய ஏற்பாடு செய் என்பதுதானே? முத்ஆவை மனமுவந்து கொடுத்திருந்தால் எத்தனையோ வழக்குகள் எழுந்தே இரா.

நாம் செய்ய வேண்டியவை

வேலி கட்டும் உரிமைக்கு ஊரே திரண்டுவிட்டு, உள்ளே பயிர் வைக்க ஒருவரும் வராவிட்டால் அந்த வேலியால் பயன் என்ன? 25-வது ஷரத்து வேலி. ஷரீஅத்தின்படி நடப்பதே பயிர்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தலாக் விவகாரம் வரும்போது மஹர், நகை, இத்தாச் செலவு, முத்ஆ, பிள்ளைகளின் செலவு ஆகிய ஐந்தையும் இத்தா முடியுமுன் எழுத்தில் தீர்த்து வைக்கட்டும். முத்ஆவின் தொகையைக் கணவனின் வருமானத்தையும், அவள் அவனோடு வாழ்ந்த ஆண்டுகளையும் கருதி நிர்ணயிக்கட்டும். அதன் பின்னும் ஆதரவற்று நிற்பவளைத் தந்தையும், வளர்ந்த மக்களும், உடன்பிறந்தாரும் தாங்கட்டும். யாருமில்லாதவளை ஊரின் பைத்துல்மால் தாங்கட்டும்.

இதில் எதுவும் கிடைக்காமல் ஒரு பெண் கோர்ட் படி ஏறினால், அவளைச் சமூகத் துரோகி என்று ஏசாதீர்கள். நமக்கு 25-வது ஷரத்தைத் தந்த அதே அரசியல் சட்டம்தான் அவளுக்கு 14-வது ஷரத்தையும் தந்தது. அவளும் நம் சமூகத்தவளே. நாம் கொடுக்கத் தவறிய ஹக்கைத்தான் அவள் அங்கே போய்க் கேட்கிறாள்.

தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே மக்களில் சிறந்தவர் என்று போதித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். சேர்ந்து வாழும்போது மட்டுமன்றிப் பிரியும்போதும் அழகிய முறையில் நடந்துகொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.