லேத்தை சி.என்.சி. ஆக்கப் போறியா? மோட்டாரை அப்புறம் வாங்கு!

வத்தலக்குண்டு பக்கம் லேத் பட்டறை என்றால் பம்பு மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், இப்படித்தான் பொழுது போகும். வீட்டுக் கொட்டகையில் சின்ன லேத் ஒன்றைப் போட்டுக்கொண்டு, “அக்கா, இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டணும், அப்படியே மில்லிங்கும் வேணும்” என்று வருகிற தம்பி தங்கச்சிகளுக்குத்தான் இது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்களைக் கொடுத்து ஓட்டிக் காட்டிய முதல் மெஷினே, ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி மில்லிங் மெஷினை மாற்றி அமைத்ததுதான். நீ தொடங்குகிற இடம்தான் தப்பு. மோட்டாரும் டிரைவரும் பார்சலில் வந்து இறங்கின பிறகுதானே லேத்தையே திரும்பிப் பார்க்கிறாய்?

1. முதலில் இரும்பைச் சரிபண்ணு. கிராஸ் ஸ்லைடில் டயல் கேஜை வைத்து, கைப்பிடியை முன்னே ஒரு சுற்று, பின்னே ஒரு சுற்று சுற்றிப் பார். கைப்பிடி திரும்பியும் முள் அசையவில்லை என்றால் அது ஸ்க்ரூவின் ஆட்டம். ஸ்லைடே ஆடினால் கிப்பை இறுக்கு. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லா வேலையும் சக் பக்கத்திலேயே நடப்பதால் பெட் அங்கேதான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே சரியாக இருக்கும்படி இறுக்கினால், டெயில் ஸ்டாக் பக்கம் போனதும் கேரேஜ் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் பெட்டைக் கிரைண்டிங் கொடுக்காமல் மேலே போகாதே. பழைய பி.எஸ்.ஜி., எச்.எம்.டி. லேத் கிடைத்தால் இரும்பு கனமாக, நன்றாக இருக்கும். அதற்காகப் பெட்டைத் தடவிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. “ஆட்டத்தை சாஃப்ட்வேரே சரிக்கட்டிடும்” என்று எவனாவது சொல்வான். டர்னிங்கில் ஓரளவு சமாளிக்கலாம். மில்லிங்கில் கட்டர் ஸ்லைடையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அப்போது சாஃப்ட்வேர் வேடிக்கைதான் பார்க்கும்.

2. பழைய லீட் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாதே, பால் ஸ்க்ரூ போடு. வந்ததும் ஆர்வத்தில் நட்டைக் கழற்றிப் பார்க்காதே, உள்ளே இருக்கும் குண்டெல்லாம் தரையில் உருளும். சுருளும் தூளும் உள்ளே போகாமல் மூடி போடு. மில்லிங்குக்காக மேலும் கீழும் போகிற ஸ்லைடுக்குப் பால் ஸ்க்ரூ வைத்தால் பிரேக்கும் சேர்த்து வை, இல்லையென்றால் கரண்ட் போனதும் ஸ்லைடு தானாகக் கீழே இறங்கும்.

3. மோட்டார் கணக்கு எளிது. சாதாரண ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் 1600 வைத்தால், 5 மில்லி பிட்ச் ஸ்க்ரூவில் ஒரு மில்லிக்கு 320 ஸ்டெப். கிராஸ் ஸ்லைடு ஒரு மில்லி உள்ளே போனால் விட்டத்தில் 2 மில்லி குறையும், இதைக் குழப்பி ஜாப்பைக் கெடுக்காதவர் குறைவு. வேகத்தையும் ஆசைக்கு ஏற்றாதே. ஸ்டெப்பர் ஸ்டெப்பைத் தவறவிட்டால் சொல்லவே சொல்லாது, வந்து சேர்ந்துவிட்டதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும்.

4. சாஃப்ட்வேருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். லினக்ஸ் சி.என்.சி. இலவசம், அமெரிக்க அரசின் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் பிறந்தது. பிரிண்டர் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் போதும். லேப்டாப் வேண்டாம். ஆர்டுயினோவில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். மலிவுதான், ஆனால் அதில் மரை வெட்ட முடியாது. லேத்தில் மரை வெட்டாமல் வேறென்ன வெட்டப் போகிறாய்? மரை வேண்டுமென்றால் ஸ்பிண்டிலில், சுற்றுக்கு ஒரு அடையாளத் துடிப்பும் தருகிற என்கோடர் இருக்கட்டும்.

5. கரண்ட் விஷயத்தில் சோம்பல் வேண்டாம்.
• டிரைவர் ஆனில் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதே, டிரைவர் போய்விடும்.
• ஸ்பிண்டில் மோட்டார் கேபிளையும் சிக்னல் கேபிளையும் ஒரே பைப்பில் விடாதே. எர்த் கட்டாயம்.
• எமர்ஜென்சி பட்டன் டிரைவருக்குப் போகிற கரண்டையே வெட்ட வேண்டும். கீபோர்டில் ஒரு கீயை வைத்துக்கொண்டு அதையே எமர்ஜென்சி என்று சொல்லாதே.
• கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ். போட்டு ஏமாறாதே. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே போகும். கரண்ட் வந்ததும் திரும்ப ஹோம் பண்ணிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

6. மில்லிங்கைக் கடைசியில் வைத்துக்கொள். எண்ட் மில்லை மூணு தாடை சக்கில் பிடிக்கவே பிடிக்காதே. பக்கவாட்டு இழுப்பில் மெல்ல மெல்ல வெளியே வரும், கோலெட்தான் சரி. சின்ன லேத்தில் அலுமினியம், பித்தளை, நைலான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தினமும் மில்லிங் வேலை வருகிறதென்றால் தனியாக ஒரு சின்ன மில்லிங் மெஷின் வாங்கிவிடு, ஒன்றிலேயே இரண்டையும் அடைக்கிற பிடிவாதம் வேண்டாம்.

7. துப்பட்டா, கையுறை, தொளதொள சட்டைக் கை எதுவும் கிட்டே வரக்கூடாது. சக் சாவியைச் சக்கிலேயே விடாதே. முதல் புரோகிராமைச் சக்கில் ஒன்றும் மாட்டாமல் ஓட்டிப் பார், அப்புறம் நைலான், அப்புறம்தான் இரும்பு.

8. கழற்றிய லீட் ஸ்க்ரூ, கைப்பிடி, பிராக்கெட் எதையும் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதே. கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, போல்ட்டோடு ஒரே பெட்டியில் வை. நடுவழியில் எலெக்ட்ரானிக்ஸ் படுத்துக்கொண்டால் பழையபடி மாட்டி ஓட்டலாம். தோட்டத்தில் பயிர் காய்கிறவர் பம்பு ஷாஃப்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உன் டிரைவர் பார்சல் வரும்வரை காத்திருக்க மாட்டார்.