முதல் பத்து ஓட்டு



2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் பினாங்கு ஜெலுத்தோங் தொகுதியில் ஜெயித்த ஜெப் ஊய், அதற்கு முன்பே அரசியல் வலைப்பதிவராகப் பெயர் எடுத்தவர். எழுத்துக்கு அவ்வளவு பலம் இருக்கு. ஆனா எழுதினா மட்டும் போதாது, ஆள் வந்து படிக்கணும். ஜாசின், அலோர்காஜா தோட்டத்து வீட்டுப் பிரச்சினையை எழுதிட்டு சும்மா இருந்தா யார் பார்ப்பாங்க?

இதற்குத்தான் திரட்டிகள். தமிழில் 2004-இல் தமிழ்மணம் வந்தது. 2005-இல் அமெரிக்காவில் ரெடிட் வந்தது. ரெடிட்டில் நாம் இணைப்பைப் போடுவோம், வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு ஏற ஏற பதிவு மேலே வரும்.

ரெடிட் முன்பு வெளியிட்ட கணக்கில் லாகரிதம் இருந்தது. 1 ஓட்டு 10 ஆவதும், 10 ஓட்டு 100 ஆவதும் அதில் சமம். பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் போட்ட பதிவு, புதுப் பதிவோடு சமமா நிற்க பத்து மடங்கு ஓட்டு வேணும். ஆக, முதல் சில மணி நேரம்தான் முக்கியம். எந்த ஊர், யாருக்கு, என்ன நடந்தது என்று தலைப்பிலேயே சொல்லிடுங்க. ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்க.

"அப்போ பத்து கூட்டாளிகளை ஓட்டுக் குத்தச் சொல்லலாமே?" வேணாம். அது விதிமீறல், கணக்கையே முடக்கிடுவாங்க. அதைவிட, பொய்யா ஏற்றிய பதிவில் ஒரு தகவல் தப்பானாலும், நம்மை நம்பிப் பேசிய தோட்டத்துக் குடும்பத்தின் பேச்சை அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க.

அதனால் போடும் முன், அவங்க சம்மதம் கேளுங்க, கடித நகலைப் பாருங்க, எதிர்த்தரப்பையும் விசாரிங்க. ஓட்டு தானா வரட்டும்.