குவாரியில் காதும் கையும்: காப்பது எப்படி?

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கல் குவாரிகளில் ஜாக்ஹேமர் இயக்குவோரை இரு கேடுகள் தாக்குகின்றன. இரைச்சல் செவியைக் கெடுக்கிறது. அதிர்வு கையைக் கெடுக்கிறது.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் பணிபுரிவது ஆபத்து. 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இருமடங்காகும். கைக்கெட்டும் தொலைவில் இருப்பவரிடமும் உரக்கப் பேச வேண்டியிருந்தால், ஒலி அந்த எல்லையைக் கடந்திருக்கக்கூடும்.

பஞ்சு இதைத் தடுக்காது. நுரையாலான காதடைப்பான் காதுத் துளையை முழுதும் அடைக்கிறது. அதிலுள்ள பாலிமர்ச் சங்கிலிகள் தமக்குள் உராய்ந்து, அதிர்வின் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றுகின்றன. தூய கையால் அதைத் திரிபோல் உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, விரியும்வரை 30 நொடிகள் பிடித்திருங்கள். இடைவெளி இருப்பின் பயன் குறையும்.

ஆனால், கையுறையை மட்டும் நம்ப வேண்டாம். அதன் மென்படலம் விரைவான அதிர்வைத் தணிக்கும். ஜாக்ஹேமரின் மெதுவான, வலிய அதிர்வைப் பெரிதும் குறைக்காது. கருவியைத் தேவைக்கு மேல் இறுகப் பற்றாதீர்கள், இடையிடையே ஓய்வு கொள்ளுங்கள், புகைப்பிடிப்பதைக் கைவிடுங்கள்.

குடும்பத்தினரே, அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? குளிர்ந்த காலையில் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகின்றனவா? தாமதியாமல் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். இழந்த செவித்திறனை மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்க இயலும்.