எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் ஆஸ்துமா இல்லையா?

நெஞ்சில் ‘வீசிங்’ சத்தம் கேட்க வேண்டும், எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் சளித் தொல்லைதான் என்ற நம்பிக்கை பல வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. உண்மை அப்படியில்லை. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இந்த இறுக்கம் மணிக்கு மணி மாறும். நள்ளிரவில் மூச்சு முட்ட வைத்துவிட்டு, காலையில் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது தளர்ந்திருக்கும். எக்ஸ்ரே நிமோனியாவையோ காசநோயையோ தேடத்தான் உதவும். ஆஸ்துமாக்காரரின் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சத்தத்தை மட்டும் நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மிகக் கடுமையான தாக்குதலில் காற்றோட்டமே குறைந்துபோவதால் வீசிங் அடங்கிவிடும். அதைத் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டால் உயிரே போகக்கூடும்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, தொல்லை எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது என்பதைத்தான். விடியற்காலை இருமல், நெஞ்சு இறுக்கம், ஓடினாலோ விழுந்து விழுந்து சிரித்தாலோ வரும் இளைப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை பட்டதும் மூச்சு வாங்குவது ஆகியவை முக்கியமான தடயங்கள். குழந்தை இளைக்கிறது என்று சொல்லாது. விளையாட்டைப் பாதியில் விட்டு உட்கார்ந்துகொள்ளும். பெற்றோருக்கு ஆஸ்துமா, குழந்தைக்குத் தோல் கரப்பான், ஓயாத அலர்ஜித் தும்மல், குறைமாதப் பிறப்பு, வீட்டில் புகைப்பிடிப்பவர் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சிறுவயதில் வராதது நாற்பது வயதில் வராது என்பதும் தவறு. பேக்கரி மாவு, மரத்தூள், ஸ்பிரே பெயின்ட் ஆகியவற்றோடு உழைப்பவர்களுக்குப் புதிதாகவே வரலாம். விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடும் இளைப்பை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சந்தேகத்தை உறுதிப்படுத்துவது ஸ்பைரோமெட்ரி. ஆழமாக மூச்சை இழுத்து, பலம்கொண்ட மட்டும் குழாயில் ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று கருவி அளக்கும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து, 15 நிமிடம் போல் கழித்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. தொல்லையில்லாத நாளில் இதுவும் இயல்பாக வரலாம். அப்போது பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய பிளாஸ்டிக் கருவியில் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதிக் குறித்துவைத்தால், ஏற்ற இறக்கமே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘அப்படியானால் இருமும் பிள்ளைகளுக்கெல்லாம் ஆஸ்துமா முத்திரை குத்துவதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வைரஸ் காய்ச்சலின்போது மட்டும் இளைக்கும் மழலைகள் பலருக்குப் பள்ளி வயதில் அது நின்றுவிடுகிறது. ஐந்து வயதுக்குக் கீழ் ஊதும் பரிசோதனையைச் சரியாகச் செய்வதும் கடினம். அங்கே மருத்துவரின் தொடர்ந்த கண்காணிப்புதான் வழி. பெரியவர்களிலும் தவறு நடக்கிறது. 2017இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், ஆஸ்துமா என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்த 613 பேரை மறுபடி சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்போது ஆஸ்துமா இருப்பதாகத் தெரியவில்லை. அளக்காமல் பெயர் சூட்டுவதும் அளக்காமல் மறுப்பதும் ஒரே பிழைதான். நம் ஊரில் இரண்டாவதே அதிகம் வருத்தம் தருகிறது: ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’, ‘ஈஸ்னோபீலியா’ என்ற பெயர்களில் மாதக்கணக்கில் மருந்து விழுங்கும் பிள்ளைகளில் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அதில் ஒன்றும் இல்லையென்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது.

2019இல் உலகெங்கும் 4,55,000 பேர் ஆஸ்துமாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலான மரணங்கள், நோய் கண்டறியப்படாமலும் போதிய சிகிச்சை இல்லாமலும் போகும் ஏழை நாடுகளில்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது இருமலோ இளைப்போ வந்து வந்து போனால், வரும் நேரத்தையும் காரணத்தையும் எழுதிவைத்து எடுத்துச் செல்லுங்கள். ஊதும் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.